ஒன்பதாம் அத்தியாயம்: சிறிய எழுத்துப் பிழை

டெலானிபூர் மேட்டிலிருந்த அந்தக் குவார்ட்டர்ஸில் ‘பந்த்’ என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை.

சொல்லக் கூடாதென்று எவரும் எவரிடமும் கூறியதில்லை. ஆனால் போர்ட் பிளேரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பொழுதைக் கழிப்பது எளிதன்று. வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் பொதுவாகப் பேசிக்கொள்ளும் தீவு இந்தியில் கதவைச் சாத்தினாலும் பந்த், விளக்கை அணைத்தாலும் பந்த், குழாயில் தண்ணீர் நின்றாலும் பந்த். பன்னீர்செல்வத்தின் வாசலை மிதித்தவுடன் மட்டும் எல்லோரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள்கூடத் தாம் அறிந்த மிகச் சில தமிழ்ச் சொற்களில் “தண்ணி நின்னு போச்சி” என்பதையும் சேர்த்துக்கொண்டிருந்தார். எங்கோ ஒரு மாநிலத்தில் பந்த் என்று வானொலி தொடங்கினால், அலமு அடுப்படியிலிருந்து ஓடிவந்து குமிழைத் திருகிவிடுவாள்.

தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கும் அலமு அங்கே நாள் முழுவதும் “லைன் பந்த் ஹை” என்று சொல்பவள்தான். வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போது அந்தச் சொல்லையும் வெளியே விட்டுவிடுவாள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், அக்கரையில் இருந்த மரமில்லில் அவள் கணவர் பன்னீர்செல்வத்தின் வலக்கையை இயந்திரம் மணிக்கட்டோடு பறித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வேகத்தில் அவர் “பந்த், பந்த்” என்றே அரற்றிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கதறுகிறார் என்று எல்லோரும் எண்ணினார்கள். அதனால் அந்தச் சொல்லை அவர் காதில் படாமல் காத்துவந்தார்கள்.

அவர் எதைச் சொல்லி அரற்றினார் என்பது அலமுவின் தம்பி ஜம்புலிங்கத்துக்குத் தெரியும்.

அந்த விடுமுறையில் கல்லூரியிலிருந்து வந்திருந்த அவன், மில்லில் புது வின்ச் பொருத்துவதற்கு உதவப் போயிருந்தான். தண்ணீரில் மிதக்கும் மரத்தடிகளைச் சங்கிலி கட்டிச் சரிவின் மேலே இழுத்துவரும் வின்ச். அதுவரை ஒருவர் குரல் கொடுக்க, இன்னொருவர் கைப்பிடியைத் தள்ளினால்தான் சங்கிலி நகரும். புதியது தானே இயங்கும். தடி வந்து ஒரு நெம்புகோலைத் தொட்டால் மின்சுற்று இணையும். சிவப்பு விளக்கு எரியும். சற்றுப் பொறுத்துச் சங்கிலி ஓடத் தொடங்கும். வரைபடத்தில் அந்த விளக்கின் கீழே ‘குளோஸ்டு’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. தொழிலாளர்களுக்கு விளங்கும்படி எழுதித் தரச் சொன்னார்கள். குளோஸ்டு என்றால் பந்த். நாகரி, வங்காளம், தமிழ் என மூன்று எழுத்திலும் ஒரு தகட்டில் அழகாக எழுதி மாட்டினான்.

மின்சாரம் படித்தவனுக்கு மூடிய சுற்று என்பது மின்சாரம் பாய்கிற சுற்று. தீவில் வாழும் மற்ற அனைவருக்கும் பந்த் என்றால் நின்றுவிட்டது. ஒரே சொல் இரண்டு வீடுகளில் நேரெதிரான பொருளோடு குடியிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் சங்கிலி, அது திரும்பும் குழியில் சிக்கியது. பன்னீர்செல்வம் எரியும் விளக்கைப் பார்த்தார். பலகையைப் படித்தார். கையை உள்ளே விட்டார்.

அன்று மாலையே டர்பன்டைனில் நனைத்த துணியால் ஜம்புலிங்கம் மூன்று எழுத்தையும் துடைத்தெடுத்தான். விசாரிக்க வந்தவர்கள் வெறும் தகட்டைக் கண்டு, ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு அவன் படித்ததெல்லாம் ஒன்றைப் பற்றியே. தானே இயங்கும் இயந்திரத்தை மனிதன் எவ்வளவு நம்பலாம், அது தவறினால் அருகில் நிற்பவனை எது காக்கும் என்பதே அவன் ஆராய்ச்சி. அப்படி ஒரு துறை உண்டென்பதையே சென்னையில் பலர் அவன் வழியாகத்தான் அறிந்தார்கள். அவனுடைய ஆய்வேட்டின் இரண்டாம் இயல் ஒரு தீவின் மரமில்லில் நடந்த விபத்தோடு தொடங்குகிறது. ‘மனிதன் தவறுவான். இயந்திரம் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்’ என்ற அதன் கடைசி வரியைக் கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டினார்கள். எத்தனை கருணையான வரி என்று பாராட்டினார்கள். கைதட்டல் கேட்கும்போதெல்லாம் அவன் மூக்கில் டர்பன்டைன் வாடை ஏறும்.

இப்போது அவன் வடிவமைத்த புதிய பாதுகாப்பு அமைப்பை அதே மில் பொருத்தியிருக்கிறது. வெள்ளோட்டத்தைக் காணப் பேராசிரியர் ஜெகநாதன் கப்பலில் வந்திருக்கிறார். அது நன்றாக அமைந்தால் ஆராய்ச்சி நிலையத்தில் தானியங்கிகளின் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு ஒன்று உருவாகும். அதன் பொறுப்பு ஜம்புலிங்கத்துக்கு. ஆய்வேடும் புத்தகமாக வெளிவரும். வெள்ளோட்டம் இன்று.

*

“அலமு, ஒந் தம்பி எங்க? நேத்து மாதிரி பாத்ரூம்லயே ஒக்காந்து தீசிஸ் எழுதுறானா?”

பன்னீர்செல்வம் இடக்கையால் முகம் மழித்துக்கொண்டே குரல் கொடுத்தார். வாரத்தில் ஆறு நாள் அபர்டீன் பஜாரில் சேக் தாவூதின் ஜவுளிக் கடையில் நிற்பவர். இன்று லீவு போட்டிருந்தார்.

“இங்கதான் இருக்கேன் அத்தான்.”

“புரபசரு இட்லி சாப்புடுவாரா மாப்ளே? இல்ல அவருக்கும் மிசினு எண்ணெயா?”

“சும்மா இருங்க,” என்றாள் அலமு. “பெரிய மனுசரு. அவருகிட்டயும் போயி இப்பிடிப் பேசி வெக்காதீங்க.”

“பேசுனா என்ன? புஸ்தகத்துல ரெண்டாவது பாடமே நாந்தானாம். கதாநாயகன் பேசக் கூடாதா?”

ஜம்புலிங்கம் குனிந்து செருப்பு வாரை மாட்டத் தொடங்கினான். வார் சரியாகத்தான் இருந்தது.

தாவூத் பாயிடம் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிப் பன்னீர்செல்வம் முன்னதாகக் கிளம்பினார். முழுக்கைச் சட்டையின் வலப்பக்கத்தை மடித்து அலமு ஊக்குக் குத்திவிட்டாள். அவர் சரிவில் இறங்கி மறையும்வரை வாசலில் நின்றிருந்தவள், உள்ளே வந்து தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“ஜம்பு, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காத.”

“கேளுக்கா.”

“ஒம் புஸ்தகத்துல... அன்னிக்கு அவரு ஏன் கவனமில்லாம இருந்தாருன்னு எழுதியிருக்கா?”

அவன் நிமிர்ந்தான்.

“இல்லக்கா. ஏன்?”

“எழுதியிருந்தா எடுத்துடு. கெஞ்சிக் கேக்குறேன்.” அலமு முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றினாள். “அன்னிக்குக் காலைல நான் சண்டை போட்டேன். மெயின்லேண்டுக்கு அனுப்பி வையிங்க, அம்மா வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வரேன்னேன். அடுத்த கப்பலுக்குப் பாக்கலாம்னாரு. எனக்குக் கோவம். டிபன் கட்டிக் குடுக்கல. வெறும் வயித்தோட போனாரு. தலை சுத்தியிருக்கும். கவனம் எங்க நிக்கும்?”

“அக்கா, அதுக்கும் இதுக்கும்...”

“கவனக்குறைவுன்னுதானே எழுதுனாங்க? அந்தக் குறைய யாரு வெச்சது? நாந்தானே.” அவள் குரல் உயரவில்லை. பழகிய ஒன்றைச் சொல்பவளின் குரல் அது. “அவரு ஒரு நாளும் கேட்டதில்ல. நீ ஏன்டி அன்னிக்குச் சோறு குடுக்கலன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. அதான் எனக்குத் தாங்கல.”

எட்டு ஆண்டுகள். விசாரணை அறிக்கையின் அந்த ஒற்றைச் சொல் ஒரு தொழிலாளியின் மீதுதான் ஏறி உட்கார்ந்தது என்று ஜம்புலிங்கம் கணக்கிட்டு வைத்திருந்தான். அது இந்த அடுப்படிக்குள்ளும் நுழைந்து, நாள்தோறும் டிபன் கட்டும் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை இன்றுதான் அறிந்தான். இப்போதே சொல்லிவிடலாம். வாய் திறந்தால் போதும்.

“நீ காரணம் இல்லக்கா,” என்றான்.

“பின்ன யாரு?”

மேட்டுச் சாலையில் ஒரு ஜீப் இரைந்துகொண்டு ஏறியது. அது கடந்து போகும்வரை அவனுக்கு அவகாசம் இருந்தது. கடந்தும் போயிற்று.

“நேரமாச்சு,” என்று எழுந்தான். “நீ டியூட்டில பர்மிசன் கேட்டுட்டு அடுத்த போட்டுல வந்துடு.”

*

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் தாவூத் பாய் கடையைச் சாத்திவிட்டுத் தாமே வழியனுப்ப வந்திருந்தார். கையில் பிஸ்கட் பொட்டலம்.

“ஜம்பு தம்பி, எங் கடைக்கும் ஒரு மிசின் செஞ்சு குடுங்க. கடன் கேட்டு வர்ற ஆளப் பாத்ததும் தானா ஷட்டர் எறங்கி, கடை ப...” சொல் உதட்டில் ஏறிவிட்டது. பன்னீர்செல்வத்தைக் கண்டு அப்படியே விழுங்கினார். “...கடை சாத்திக்கிறணும்.”

“மொத ஆளா நாந்தான் மாட்டுவேன் பாய்,” என்றார் பன்னீர்செல்வம்.

ஜெகநாதன் சிரித்தார். வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் தொங்கும் காமிரா, கப்பல் பயணத்தால் சற்று வெளுத்த முகம். படகு நகர்ந்ததும் அவர் பன்னீர்செல்வத்தின் அருகில் வந்து அமர்ந்தார். அன்பான மனிதர். அதனால்தான் அதைச் சொன்னார்.

“மிஸ்டர் பன்னீர்செல்வம், உங்களை நேர்ல பார்க்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுண்டிருந்தேன். நீங்க வருத்தப்படவே கூடாது. உங்களோட ஒரு நொடிக் கவனக்குறைவு, இன்னிக்கு ஒரு விஞ்ஞானத்துக்கே ஆரம்பமா ஆகியிருக்கு. எத்தனையோ பேரோட கைகளைக் காப்பாத்தப் போறது.”

ஜம்புலிங்கம் தண்ணீரைப் பார்த்தான். தன் அத்தானின் முகத்தைப் பார்க்கும் துணிவு அவனுக்கு இல்லை. இரண்டாம் இயலில் அவர் பெயர் வருகிறது என்று வீட்டில் சொல்லியிருந்தான். என்னவாக வருகிறது என்று சொன்னதில்லை.

“கவனக்குறைவுன்னா எழுதியிருக்கு சார், புஸ்தகத்துல?” என்று பன்னீர்செல்வம் கேட்டார்.

“விசாரணை அறிக்கையை ஆதாரமா வெச்சுதான் ஜம்பு எழுதியிருக்கான். நீங்களே அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருக்கேள். மறைக்காம ஒத்துண்டது பெரிய குணம்.”



“ஆமா சார்,” என்றார் பன்னீர்செல்வம். “கவனக்குறைவுதான்.”

பேராசிரியர் காமிராவோடு முன்பக்கம் நகர்ந்து, விலகிச் செல்லும் துறைமுகத்தைப் படமெடுக்கத் தொடங்கினார். ஜம்புலிங்கம் அத்தானின் பக்கத்தில் வந்து நின்றான்.

“நீங்க ஏன் அத்தான் அன்னிக்கு அப்பிடிச் சொன்னீங்க?”

“எப்பிடி?”

“உங்க கவனக்குறைவுன்னு.”

பன்னீர்செல்வம் பிஸ்கட் பொட்டலத்தைப் பல்லால் பிரித்தார். ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினார்.

“நீ அந்தப் பலகைல எழுதறப்ப பெயிண்ட் டப்பாவப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு மாப்ளே?”

ஜம்புலிங்கத்துக்குப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது போலிருந்தது.

“கை நல்லாருக்கு, எழுத்து முத்து முத்தா இருக்குன்னு சொன்னேனே, ஞாபகமில்லயா? மறந்துட்டியா, இல்ல நான் மறந்துட்டேன்னு வெச்சுக்கிட்டியா?”

“அத்தான்...”

“காய்ச்சல் தெளிஞ்சு கண்ணு முழிச்சப்ப பலகை வெறும் பலகையா இருக்குன்னு சொன்னாங்க. புரிஞ்சுபோச்சு. ஒனக்கு ஸ்காலர்சிப்பு. மில்லுக்காரன் ஒம் பேர எழுதுனா படிப்பு போச்சு. எங் கை எப்பிடியும் திரும்பி வரப்போறதில்ல. சரி, கவனக்குறைவுன்னு ஒரு கையெழுத்து. அதுவும் எடக்கையால. அந்தக் கிறுக்கல எவனும் படிச்சிருக்கவே மாட்டான்.” அவர் சிரிக்க முயன்றார். “வீட்டுல எல்லாரும் அந்த வார்த்தையச் சொல்றத விட்டாங்க. எனக்காகன்னு நெனைச்சாங்க. நானும் சும்மா இருந்தேன். ஒனக்கும் அது நல்லதுன்னு பட்டுச்சு.”

யார் யாருக்காகக் காத்த மௌனம் அது? இத்தனை காலம் தான் ஒளிந்திருந்த இடத்தின் கதவை வெளியிலிருந்து ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். இருந்த ஒரே கையால்.

“எனக்குச் சோறு எறங்கறதில்ல அத்தான்,” என்றான் ஜம்புலிங்கம்.

“தெரியுது. ஒடம்பப் பாத்தாலே தெரியுது. வுடு. இனிமே யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?”

“அக்காவுக்கு.”

“அவளுக்கென்ன?”

அவன் சொன்னான். காலையில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னான். மெயின்லேண்டு பயணம், சண்டை, கட்டாத டிபன், வெறும் வயிறு, தலைச்சுற்றல், கவனக்குறைவு. சொல்லச் சொல்லப் பன்னீர்செல்வத்தின் தாடை அசைவது நின்றது. கையில் இருந்த பாதி பிஸ்கட்டைக் கடலில் எறிந்தார்.

“நான் அன்னிக்குக் கேன்டீன்ல பூரி தின்னேன்டா,” என்றார். “நாலு பூரி.”



*

வெள்ளோட்டம் நன்றாக நடந்தது. நன்றாக என்ற சொல் போதாது.

சரிவின் இருபுறமும் பொருத்தியிருந்த மின்கண்களுக்கு இடையே ஒளி ஓடிக்கொண்டிருந்தது. படாக் மரத்தடி ஒன்று சங்கிலியில் ஏறி வரும்போது ஜெகநாதன் தம் குடையை நீட்டி அந்த ஒளியை மறித்தார். சங்கிலி அதே கணத்தில் நின்றது. குடையை எடுத்தார். சங்கிலி தானாக ஓடவில்லை. ஒருவர் மேலிருந்து விசையை அழுத்திய பிறகே ஓடியது. மறுபடி சோதித்தார். மறுபடியும் நின்றது. மில் மேலாளர் கைதட்ட, மதிய ஷிஃப்டுக்காக வெளியே காத்திருந்த தொழிலாளர்களும் கம்பிக் கதவின் மறுபக்கத்திலிருந்து கைதட்டினார்கள்.

“பிரமாதம்!” பேராசிரியர் அவன் தோளைத் தட்டினார். “பிரிவு உன்னுடையதுதான். ஊருக்குப் போன கையோட உத்தரவு போட்டுடலாம்.”

அடுத்த படகில் வந்து சேர்ந்திருந்த அலமு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு உடுத்திய நீலச் சேலையோடு கம்பி ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி ஜெயித்துவிட்டான் என்பது அவளுக்கு விளங்கியது.

சங்கிலி திரும்பி உள்ளே போகும் குழி சரிவின் மறுபக்கத்தில் இருந்தது. மின்கண்ணின் ஒளி அங்கே எட்டாது. சங்கிலி சிக்கினால் எடுத்துவிட ஆள் அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த இடத்துக்கு, சங்கிலி ஓடப்போவதைக் காட்டும் ஒரு சிவப்பு விளக்கை மட்டும் வைத்திருந்தான் ஜம்புலிங்கம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குழியின் விளிம்புக்கு வந்தான். விளக்கின் கீழே புத்தம் புதுப் பலகை ஒன்றுக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். மாலையை விலக்கினான்.

பந்த்.

நாகரியில், வங்காளத்தில், தமிழில்.

கையெழுத்து அவனுடையதல்ல. வேறு யாரோ, வேறு தூரிகையால், அதே தவறை அதே நல்ல எண்ணத்தோடு எழுதியிருந்தார்கள்.

“இத யார் எழுதச் சொன்னது?”

மேலாளர் அருகில் வந்தார். “நீங்க வரைபடத்துல அந்த எடத்த வெறுமையா விட்டிருந்தீங்களே சார். ‘உள்ளூர் வழக்கப்படி எழுதிக்கொள்ளவும்’னு. எலக்ட்ரீசியன் காட்லாக்ல பாத்து குளோஸ்டுன்னான். பெயிண்டரு எழுதிட்டான். ஏன் சார், தப்பா?”

அந்த இடத்தில் எந்தச் சொல்லையும் எழுத ஜம்புலிங்கத்துக்குக் கை வரவில்லை என்பதே உண்மை. வெறுமையாக விட்டதைத் தன் மனச்சாட்சியின் நடுக்கம் என்று நினைத்துச் சற்றுப் பெருமைகூடப் பட்டிருந்தான். இப்போது அந்த வெற்றிடத்தில் அதே சொல் வந்து உட்கார்ந்திருந்தது. வேறு என்ன வரும்? அது தவறு என்று எட்டு ஆண்டுகளாக ஒருவரும் சொல்லவில்லையே. தவறியது தொழிலாளி என்றுதானே அறிக்கையும் ஆய்வேடும் சொல்லின.

“என்ன ஜம்பு?” மேலேயிருந்து ஜெகநாதன் கேட்டார். “ஏதாவது கோளாறா?”

இப்போது சொன்னால், ஏன் கோளாறு என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இரண்டே கேள்விகளில் இரண்டாம் இயல் சரிந்துவிடும். அதன் மேல் கட்டிய அத்தனையும் சரியும்.

“ஒண்ணுமில்ல சார்,” என்றது அவன் வாய். “சின்ன எழுத்துப் பிழை. நாளைக்கு மாத்தச் சொல்லிட்டேன்.”

“ஷிஃப்ட உள்ள விடலாமா சார்?” என்றார் மேலாளர்.

“வி... விடலாம்.”

“எழுத்துப் பிழையா மாப்ளே?”

பன்னீர்செல்வம் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. அவர் பார்வை பலகையின் மேல் இருந்தது.

“நாளைக்கு மாத்திடுவாங்க அத்தான்,” என்று ஜம்புலிங்கம் தாழ்ந்த குரலில் கெஞ்சினான். “காலைல மொத வேலையா...”

“இன்னிக்கு எறங்குறவனுக்கு?”

வெளியே கம்பிக் கதவின் தாழ் இழுபடும் ஓசை கேட்டது.

“மிஸ்டர் பன்னீர்செல்வம்!” ஜெகநாதன் காமிராவை உயர்த்தினார். “அப்படியே அந்தப் புது போர்டு பக்கத்துல நில்லுங்கோ. புத்தகத்துக்கு ஒரு படம்.”

“எந்தப் பக்கம் சார்? கை இருக்குற பக்கமா, இல்லாத பக்கமா?”

பேராசிரியர் சங்கடத்தோடு சிரித்தார். பன்னீர்செல்வம் சிரிக்கவில்லை. பலகையிலிருந்து மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். வலத் தோளை அசைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே வந்துகொண்டிருந்த தொழிலாளர்களை நோக்கித் திரும்பினார். வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர்கள், தமிழர்கள். பலர் அவரை அறிந்தவர்கள். ஊக்குக் குத்திய சட்டைக்கையைப் பார்த்து வழிவிட்டு நின்றார்கள்.

“நில்லுங்க. யாரும் எறங்காதீங்க. சப் லோக் ருக்கோ!”

“என்னங்க?” அலமு கம்பியை விட்டு ஓடிவந்தாள். அப்போதுதான் பலகை அவள் கண்ணில் பட்டது. மூன்று எழுத்தில் ஒரு சொல். தன் உடலால் அதை மறைத்துக்கொண்டு கணவருக்கு முன்னால் வந்து நின்றாள். “பாக்காதீங்க. வாங்க, நாம வீட்டுக்குப் போவோம். ஜம்பு, யாருடா இத இங்க மாட்டுனது? எடுக்கச் சொல்லு!”

“நகரு அலமு.”

“வேண்டாங்க.”

“எட்டு வருசம் போதும். நகரு.”

அவர் அவளை இடக்கையால் மெல்ல ஒதுக்கினார். இன்னும் காயாத பெயிண்டில் விரலை வைத்தார். விரலில் கறுப்பு ஒட்டியது.

“பந்த்,” என்று படித்தார்.

அலமு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அவர் இன்னும் உரக்க, சரிவுக்கு மேலேயும் வாசலுக்கு அப்பாலும் கேட்கும்படி கத்தினார்.

“பந்த் லிக்கா ஹை, லேகின் பந்த் நஹீ ஹை! பந்த்னு எழுதியிருக்கு. ஆனா நிக்கல. வெளக்கு எரிஞ்சா ஓடப்போவுதுன்னு அர்த்தம். பந்த்னு நம்பிக் கைய விட்டா கை போயிடும். அன்னிக்கும் இங்க இதேதான் எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன். நல்லாப் படிச்சுட்டுத்தான் கைய விட்டேன்.”

ஜெகநாதனின் காமிரா தாழ்ந்தது. “அன்னிக்கு போர்டு இருந்ததா?” அவர் பார்வை பன்னீர்செல்வத்திடமிருந்து விலகி ஜம்புலிங்கத்தின் மேல் வந்து நின்றது. “அறிக்கையில அப்படி ஒரு வரியே இல்லையே ஜம்பு. யார் எழுதினது?”

பன்னீர்செல்வம் அந்தக் கேள்வி காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் வேறொருவன். அவர் மனைவியின் இரண்டு கைகளையும் ஒவ்வொன்றாகக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

“கை போனது நீ சோறு போடாததால இல்ல அலமு,” என்றார். “இந்தப் பந்த்தால.”